பிளக்குக்கு ஒரு காயில்

“இது என் பெட்டியில வந்த காயில்தானே, பாய்?”

மெக்கானிக் ஷஃபியுல்லா பாயின் பழைய ஃபியட்டின் பானட்டைத் தூக்கிப் பிடித்தபடி டாக்டர் ஐரின் கேட்டார்.

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த பாயின் கை நின்றது.

“சொல்லுங்க பாய். நாலு காயில் மேலயும் வெள்ளை பெயின்ட்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எழுதியிருக்கு. என் தம்பி மேத்யூ கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

மயிலாப்பூர் பஜார் ரோட்டில் இருக்கும் அந்த ஷெட்டுக்கு ஐரின் பதினோரு வருஷமாக வருகிறார். மந்தைவெளியில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறார். கேஸ் சிக்கலானால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மாட்டார். தன் ஃபியட்டிலேயே ஏற்றிக்கொண்டு எழும்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடுவார்.

வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. மழை வந்தால்தான். எஞ்சினில் பொறி தட்டும் நாலு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கும். வண்டி இரண்டு தரம் இருமும். நின்றுவிடும்.

“இப்ப வர்ற புது கார்ல டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாதுக்கா. பிளக்குக்கு ஒரு காயில், அதுவே நேரா கரண்ட் குடுத்துடும். நனையறதுக்கு மூடியே இல்ல” என்று சொல்லி, சிங்கப்பூரிலிருந்து வந்த மேத்யூ ஒரு பெட்டி நிறையச் சாமான் கொடுத்துவிட்டுப் போனான். நாலு காயில், ஒரு கறுப்புப் பெட்டி, பல் வைத்த சக்கரம், சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக் கறுப்புப் பெட்டிக்குச் சொல்ல ஒரு சென்சார்.

அது தொண்ணூற்றேழு ஜூன். பெட்டியை அன்றைக்கே பாயிடம் கொடுத்தாயிற்று.

ஆகஸ்டில் கேட்டபோது, “நம்ப வண்டிக்கு ஒத்து வரல, டாக்டரம்மா” என்றார்.

தீபாவளிக்குக் கேட்டபோது, “இன்னும் டைம் ஆவும்.”

அடுத்த வருஷம் கேட்டபோது, “எங்கியோ உள்ள கீது. தேடணும்.”

ஐரின் விடவில்லை. தேனாம்பேட்டையில் ஒருவர், அடையாறில் ஒருவர் என்று வேறு மெக்கானிக்குகளையும் போய்ப் பார்த்தார். “இதெல்லாம் பாய் ஒருத்தராலதான் முடியும், மேடம்” என்று திருப்பி அனுப்பினார்கள்.

நேற்று மழை. லஸ் முனையில் முழங்கால் தண்ணீர். பின் சீட்டில் பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண். வண்டி இருமி, நின்றது. அவள் கணவன் பொன்ராஜ் குடை பிடிக்க, மூடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார் ஐரின். அப்போதுதான் எதிர்ப்பக்கம் பாயின் ஃபியட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜம்மென்று போனது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஐரினுக்குத்தான் மனம் ஆறவில்லை. காலையில் முதல் வேலையாக ஷெட்டுக்கு வந்தார். யாரையும் கேட்காமல் பாயின் வண்டி பானட்டைத் தூக்கினார்.

“சாவி குடுங்க, டாக்டரம்மா” என்றார் பாய் ஒருவழியாக. “சாயங்காலத்துக்குள்ள உங்க வண்டிக்கு மாத்திடறேன்.”

“ஓ! கையும் களவுமா மாட்டினதும் ஒத்து வருதா?”

“உங்கள கேக்காம எடுத்தது தப்புதான்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா, ‘என் வண்டியிலயே மாட்டு’ன்னு ஒத்தக்கால்ல நிப்பீங்க. உங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா?”

“நிச்சயமா நின்னிருப்பேன்! என் சாமான், என் வண்டி. நேத்து அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா நீங்களா வந்து பதில் சொல்வீங்க? கழட்டிக் குடுங்க, பாய். எத்தனை நாள் ஆனாலும் சரி, வேற ஆளைக் கண்டுபிடிச்சு மாட்டாம விடமாட்டேன்.”

பாய் குனிந்து முதல் காயிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

டீ ஃபிளாஸ்க்கோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டிருந்தார் பாயின் மனைவி மெஹருன்னிசா. இப்போது விறுவிறுவென்று உள்ளே வந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து மூன்று இரும்புத் தகடுகளை எடுத்து ஐரின் முன்னால் போட்டார். மூன்றும் நடுவில் ஒடிந்திருந்தன.

“இவரு வாயத் தொறக்க மாட்டாரு. நான் சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த சென்சாரப் புடிச்சிக்கினு நிக்கிற தகடு இது. நம்ப ரோட்டுக் குலுக்கலுக்கு ஒண்ணு மேல ஒண்ணா ஒடஞ்சிச்சு. இது ஒடஞ்சா வண்டி இருமாது, திணறாது. சொல்லாம கொள்ளாம நின்னுரும். நீங்க துணி வச்சித் தொடச்சாலும் கெளம்பாது.”

ஐரின் ஒரு தகட்டைக் கையில் எடுத்தார்.

“ரெண்டு வருஷமா மழை வந்தா போதும், ‘வா, ஒரு ரவுண்டு போலாம்’னு என்ன ஏத்திக்குவாரு. அடையாறு பாலத்து மேல மூணு தபா நின்னுபோச்சு. கொட்ற மழையில ஊடு வரைக்கும் தள்ளிக்கினு வந்தோம். நாலாவது தகடு போட்டப்புறம் நேத்துதான் மொத மழை, நிக்காம ஓடிச்சு.”

“மெஹரு, வுடு” என்றார் பாய், நிமிராமலே.

“இன்னாத்துக்கு வுடணும்? நானும்தான் கேட்டேன், டாக்டரம்மா. ‘அவங்க சாமான் அவங்க வண்டியில ஒடஞ்சிட்டுப் போவட்டுமே, நமக்கு இன்னாத்துக்கு இந்தத் தலவலி’ன்னு. அதுக்கு இவரு சொல்றாரு: ‘நிக்கறதா இருந்தா நீயும் நானும் உள்ள இருக்கசொல்ல நிக்கட்டும், மெஹரு. புள்ளத்தாச்சி உள்ள இருக்கசொல்ல நிக்கக் கூடாது.’”