பதினேழு படங்கள்

"தண்ணியில விழுந்தா படமெல்லாம் அழிஞ்சு போயிடுமா?"

அண்ணி கேட்டதும் தம்பி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். கேமராக் கடையின் கண்ணாடி மேஜை மேல் விதவிதமான மெமரி கார்டுகள் பரப்பிக் கிடந்தன.

"அவ்வளவு சீக்கிரம் அழியாதுங்க மேடம்," என்றார் கடைக்காரர். "ஒருத்தர் சட்டையோட சேர்த்து வாஷிங் மெஷின்ல போட்டுட்டு ஓடி வந்தார். காயவச்சுப் பார்த்தா எல்லாப் படமும் இருந்துச்சு. சட்டைதான் சாயம் போச்சு."

"ஒரு மாசமா அருவித் தண்ணியில கிடந்தா?"

தம்பி தொண்டையைச் செருமினான். "விடுங்க அண்ணி. போனது போகட்டும். புதுசு வாங்கத்தானே வந்தோம்?"

நல்ல தம்பி என்று பெயரெடுத்தவன் அவன். அருவிப் பாறையிலிருந்து அண்ணன் தவறி விழுந்து செத்த நாள் முதல், அண்ணிக்கு ஒரு குறை வைத்ததில்லை. மருந்துக் கடையா, தையல் கடையா, கூப்பிடுவதற்கு முன்னால் காரோடு வாசலில் நிற்பான். இப்படி ஒரு கொழுந்தன் யாருக்குக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டார் வாய் வலிக்கப் புகழ்ந்தார்கள்.

அன்று பாறை மேல் பக்கத்து வீட்டார் யாரும் இல்லை. வீட்டை விற்கச் சம்மதிக்க மாட்டேன் என்று அண்ணன் ஒரே பிடியாய் நின்றான். தம்பியின் கை தானாக நீண்டது.

நீட்டிய கை மடங்குவதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சூரியன் இறங்குவதைப் பத்து வினாடிக்கு ஒரு படமாகத் தானே எடுக்கும்படி, அண்ணன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். இவர்கள் சண்டை போட்டதோ அந்தக் கேமராவுக்கு நேர் எதிரே.

தம்பி ஓடினான். மங்கலான வெளிச்சத்தில், அவசர அவசரமாக மூடியைத் திறந்து கார்டைப் பிடுங்கினான். கல்லில் வைத்து நசுக்கி அருவியில் வீசினான். 'கார்டு அண்ணன் சட்டைப் பையில இருந்துச்சு, அவனோடயே போயிடுச்சு' என்று அழுதுகொண்டே கேமராவை அண்ணியின் கையில் கொடுத்தவனும் அவன்தான்.

இப்போது இவள் அருவியில் ஆள் இறக்கித் தேடச் சொன்னால்?

"சரி, கார்டு உடைஞ்சு போயிருந்தா?" அண்ணி விடுவதாக இல்லை.

"உடைஞ்சு நொறுங்கிட்டா அவ்வளவுதாங்க. தலைகீழா நின்னாலும் படம் வராது."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். கடையில் அவர்களைத் தவிர ஒரே ஒரு ஆள்தான். அவர் மூலையில் நின்று ஒரு கேமரா ஸ்டாண்டை வந்ததிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேமரா கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க. அது வேற இடத்துல இருக்கு." அண்ணி ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்து மாடல் பெயரைப் படித்தாள்.

"அடேயப்பா, பெரிய மிஷினாச்சே! அப்போ ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு போதும்."

"எத்தனை படம் வைக்கணும்?"

"பதினேழு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பதினேழு படத்துக்கு இந்தக் கார்டுன்னா, பதினேழு பேர் உட்கார ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்குமே மேடம்!"

தம்பியும் சேர்ந்து சிரித்தான். இனிமேல் எடுக்கப்போகிற படத்துக்கு இப்போதே எண்ணிக்கை சொல்கிறாளே! பாவம், அவளுக்குக் கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

"எனக்குப் பெருசு, சிறுசெல்லாம் முக்கியமில்ல. படம் அழியக் கூடாது, அவ்வளவுதான்," என்றாள் அண்ணி.

"அப்போ இதை எடுங்க. ஓரத்துல இருக்கிற இந்தக் குட்டிப் பூட்டைக் கீழே தள்ளிட்டீங்கன்னா, கேமராவுல போட்டு யாரும் கைதவறிக்கூட அழிக்க முடியாது."

அண்ணி அதை நகத்தால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். தம்பி கார் சாவியைக் கையில் எடுத்தான்.

கார்டை உறையில் போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார். "நீங்க ரெண்டா வாங்கியிருக்கணும் மேடம். அந்தக் கேமராவுல ரெண்டு கார்டு போட இடம் இருக்கு. ஒண்ணுல விழுற படம் அப்படியே இன்னொண்ணுலயும் விழும். ஒண்ணு தொலைஞ்சாலும் கவலை இல்ல."

"தெரியும்," என்றாள் அண்ணி. "அவர் முன்ஜாக்கிரதை முத்தண்ணா. பையில குடைகூட ரெண்டு வச்சிருப்பார்."

தம்பியின் கையிலிருந்து சாவி நழுவித் தரையில் விழுந்தது. அவன் குனியவில்லை. மூலையில் நின்ற ஆள் ஸ்டாண்டை வைத்துவிட்டு, மெதுவாக வந்து கடை வாசலை அடைத்தாற்போல் நின்றார்.

"இந்தக் கார்டு எதுக்கு அண்ணி?" என்றான் தம்பி.

"காப்பி எடுத்து வச்சுக்கத்தான். அசல் போலீஸ் சார்கிட்ட போயிடுச்சே." வாசலில் நின்றவரைக் கண்ணால் காட்டினாள்.

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவனை 'வாங்க தம்பி, போங்க தம்பி' என்பதைத் தவிர ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லாத அண்ணி, உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பதினேழாவது படத்துல உன் கை நல்லாத் தெரியுது."