மே மாதத்துப் பச்சை பேட்ஜ்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் ஒஹாயோவில் செய்த இரும்பு அடுப்பெல்லாம் என் தலையில் விழட்டும்!

போர் முடிந்த மறுவருஷம். முன்பெல்லாம் அடுப்புத் தொழிற்சாலையில் 'சங்கம்' என்று முணுமுணுத்தாலே வேலை போகும். இப்போதோ சேர்வதற்கு வரிசை. மாதா மாதம் சந்தா, கட்டியதற்கு அடையாளமாக மாதம் ஒரு நிறத்தில் பேட்ஜ். மே மாதத்துக்குப் பச்சை. தொப்பியில் பச்சை இல்லாதவனை வாசலிலேயே மறித்துவிடுவார்கள்.

மறிப்பவர் பாபிச். எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு, ஆணியில் மாட்டிய தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் கத்தினால் மூன்று தெரு தள்ளிப் பால் திரியும்.

வார்ப்படப் பட்டறையில் வேலை செய்யும் வாசில் என்பவன் வந்தான். மொட்டைத் தொப்பி.

"எங்கேய்யா பச்சை?"

"இல்லண்ணே."

"குளிர்காலம் பூரா ஸ்ட்ரைக்ல நின்னு விறைச்சோம். ஏறின கூலி மட்டும் இனிக்குது, சங்கம் கசக்குதோ?"

"ஓசி சூப்புக்கு முதல் ஆளா வந்தியேடா, கருங்காலி!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

ஏழு மணிச் சங்குக்கு ஐந்தே நிமிஷம். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமானவன் வாசில். மூன்றாவது என்றால் சீட்டுக் கிழியும். பாபிச்சுக்கும் அது தெரியும்.

"விடுங்கண்ணே. சாயங்காலம் சொல்றேன்."

"இப்பவே சொல்லு. இல்ல, வீட்டுக்கு நடையைக் கட்டு."

யாரோ அவன் சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டார்கள். ரொட்டியும் வெங்காயமும் மண்ணில். வாசில் முஷ்டியை மடக்கினான். பிறகு விரித்து, ரொட்டியைப் பொறுக்கினான்.

"லோரெட்டா! அந்த நோட்டைக் கொண்டா. இவன் யோக்கியதையை ஊரே பார்க்கட்டும்!"

சங்கத்து நோட்டு எழுதும் லோரெட்டா வந்தாள். நோட்டில் பெயர்கள் மேல் ஓடிய விரல் சட்டென்று நின்றது. அவள் வாசிலைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

பாபிச் மட்டும் பார்க்கிற மாதிரி, நோட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வாசில் பெயருக்கு நேரே: 'மே. பேட்ஜ் கொடுத்தாச்சு.'

பாபிச் பெயருக்கு நேரே வெறும் கட்டம்.

காபிக் கடையில் மொட்டையாக மாட்டிய தொப்பியில் பச்சை முளைத்திருந்ததைக் கண்டும், கேள்வி கேட்காமல் தலையில் கவிழ்த்துக்கொண்டவர் அவர்.

வாசில் காதருகே வந்தான். "காபிக் கடையில நான்தான் குத்தினேன். வாசல்ல மறிக்கிற ஆளே மொட்டைத் தொப்பியோட நின்னா, அப்புறம் எவன்ணே சங்கத்துல இருப்பான்?"

"எல்லாம் சரியா இருக்கு. வழி விடுங்கடா" என்றார் பாபிச். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. குனிந்து, மண்ணில் கிடந்த வெங்காயத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சங்கு ஊதியபோது வாசில் உள்ளே இருந்தான்.

இதை யார் சொன்னதென்று எவரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தப் பச்சை பேட்ஜை நான் இன்னும் வாசிலிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.