வாலெல்லாம் சேறு

சிறுவயதில் உயிராகப் பார்த்த குதிரை சீரியலின் கடைசிப் பகுதியை, முப்பது வருடம் கழித்து, லேப்டாப்பில் இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள் சுகந்தி. அது ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை செருகிய வாசலைத் தாண்டவிடவில்லை. அம்மை கண்ட வீட்டுப் பிள்ளை என்பதால், அக்கா பக்கத்து வீட்டு டிவியை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள். திரும்பி வந்தவளின் முகம் ஈரமாக இருந்தது. "ஆத்தோட போன குதிரை திரும்பி வந்துருச்சுடி. வாலெல்லாம் சேறு" என்றாள்.

லேப்டாப்பில் குதிரை வரவில்லை. வெள்ளம் வடிந்த கரையில் குதிரைக்காரன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தான். சுகந்தி அக்காவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, அந்தக் குதிரை சீரியல் ஞாபகமிருக்கா? கடைசிப் பகுதி இப்பத்தான் பாத்தேன்."



"நான் அதை முழுசாப் பாக்கலடி. குதிரை வெள்ளத்துல எறங்குனதுமே அழுகை வந்துருச்சு, ஓடியாந்துட்டேன். ஆத்தா வந்திருக்கிற வீட்டுல யாரும் அழக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்துச்சுல்ல. குழாயடியில மூஞ்சியக் கழுவிட்டு வந்து, உங்கிட்ட வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்." பிறகு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நெசமா என்னடி ஆச்சு அதுக்கு?"

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் குதிரைக்காரன் இன்னமும் நடந்துகொண்டிருந்தான். சுகந்தி லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"வந்துருச்சுக்கா" என்றாள். "வாலெல்லாம் சேறு."