பிள்ளையார் வழக்கு

உடைந்த தும்பிக்கையில் சந்தனம் காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தென்காசி மாஜிஸ்ட்ரேட்டின் மேஜைமேல் வைத்தார். "கும்பிட்ட சாமி இது, எசமான். சந்தனத்தைப் பாருங்க."

கூண்டில் நின்ற ஆவுடைநாயகம் எட்டிப் பார்த்தான். சாமி இல்லை என்று சொல்லும் அவன் கட்சிக்காரர்கள் ஊரூராய்ப் பிள்ளையாரை உடைத்த ஐம்பத்துமூன்றாம் வருசம் அது. "சக்தியிருந்தா உங்க சாமி தடுக்கட்டும்லே!" என்று மேலகரம் முச்சந்தியில் மார்தட்டிப் போட்டு உடைத்த சூரன், இப்போது கைகட்டி நின்றான்.

அவனுடைய வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். "விலைக்கு வாங்கின வெறும் மண்பொம்மைன்னா தப்பிச்சிரலாம். யாராவது பூசை பண்ணிக் கும்பிட்டிருந்தா ரெண்டு வருசம் உள்ள போகணும்."

பூசையாவது மண்ணாவது! குயவரிடம் வாங்கிய பொம்மை ஒரு ராத்திரி அவன் வீட்டு அடுக்களையில் இருந்தது, விடிந்ததும் முச்சந்திக்குப் போனது. சந்தனம் போலீஸ்காரன் கைவேலைதான், வேறென்ன? ஆனால் பூசை நடக்கவில்லை என்று எடுத்துச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அவன் மனைவி குழல்வாய்மொழி.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளி தவறாமல் குற்றாலநாதர் கோயிலுக்கு நடப்பவள். பிள்ளையாரை உடைத்த நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியா புருசனா என்று வந்தால் அவள் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். கோபத்தில் ஏதாவது உளறிவைத்தால் குடி முழுகிவிடும்.

"கடவுள் ஆணையா உண்மையைச் சொல்லுதேன்னு சொல்லும்மா" என்றார் குமாஸ்தா.

அவள் மேஜைமேலிருந்த தும்பிக்கையின் சந்தனத்தையே பார்த்தாள்.

"சொல்லும்மா!"

"எனக்குக் கடவுள் நம்பிக்கை கெடையாது. மனசாட்சிப்படி சொல்லுதேன்."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. ஆவுடைநாயகம் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். சட்டத்தில் அதற்கும் இடமுண்டு என்று மாஜிஸ்ட்ரேட் தலையசைத்தார்.

வக்கீல் எழுந்தார். "உங்க வீட்டில அந்தப் பொம்மைக்குப் பூசை ஏதும் நடந்துதா?"

"இல்ல."

"யாரும் கும்பிட்டாங்களா?"

"ஒருத்தரும் கும்பிடல."

சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்தது. விடுதலை. வெளியே வந்த பிறகுதான் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோசம் தாங்காமல் மனைவியிடம் ஓடினான்.

"ஏட்டி, கோர்ட்டே அசந்துபோச்சு! நீ எப்பம் நம்ம கட்சிக்கு வந்தே? எங்கிட்டகூடச் சொல்லலியே!"

அவள் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பின்னே, சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதீகளா?"