கன்னத்தில் முளைத்த முடி

கண்ணின் அழுத்தம் துளிகூட இறங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், பவுன் தன் புருஷனைத் திரும்பி முறைத்தாள்.

முறைத்தது போதாதென்று சின்னதுரையின் தொடையில் ஓர் இடியும் விழுந்தது.

காச்பிந்து. கண்ணில் அழுத்தம் ஏறும் கிளாக்கோமா வியாதிக்குப் புனேக்காரர்கள் வைத்திருக்கும் பேர். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். சின்னதுரைக்கு வலது கண்ணில் பாதியைத் தின்றுவிட்டது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து, இதற்கும் மசியவில்லை என்றால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னார்.

பவுன் விடுவாளா? தன் பக்க நியாயத்தை அவளும் எடுத்து வைத்தாள். பாதி இந்தி, பாதி ஆற்காட்டுத் தமிழ்.

அவருக்குக் கை நடுங்கும். அதனால் மருந்தை அவளேதான் விடுகிறாள். ஒரு சாயங்காலம் தப்பியதில்லை. விட்ட பிறகு துடைக்கக்கூட விடாமல், மருந்து உள்ளே இறங்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்? வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போய் வடாபாவ் தின்றுவிட்டு வருகிற மனுஷனுக்கு அழுத்தம் எப்படி இறங்கும்?

வடாபாவ் விஷயம் வெளியே வந்ததும் சின்னதுரை தரையைப் பார்த்தார். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஏரவாடாவில் அவர்கள் சந்தில் எந்த வீட்டுக் குக்கரில் கறி, எதில் வெறும் பருப்பு என்பதெல்லாம் விசில் வருமுன்னே பவுனுக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்ச நாளாகத்தான் அவளுக்கு நேரம் சரியில்லை. எதைத் தொட்டாலும் எரிச்சல்.

பக்கத்து வீட்டு ஜோசபினுக்குத் திமிர் ஏறிவிட்டது. பக்கவாட்டில் உரசுகிற மாதிரி வருகிறாள், ஒரு சிரிப்புக் கிடையாது. கேட்டால், நான் சிரித்தேன், நீதான் கண்டுகொள்ளாமல் போனாய் என்று சாதிக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போய்வருவது நின்றுவிட்டது.

ரிக்‌ஷாக்காரன்கள் வேண்டுமென்றே நடைபாதையை விட்டுத் தள்ளி நிறுத்தி ஆளை விழ வைக்கிறார்கள். புதிதாய் வாங்கிய டீப் பாத்திரத்துக்கு மூக்கு கோணல், டம்ளருக்கு வெளியேதான் ஊற்றுகிறது. இத்தனைக்கும் நடுவில் இந்த மனுஷனின் கண் வேறு.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து சின்னதுரையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். இந்த மருந்து ஒழுங்காகக் கண்ணுக்குள் விழுந்தால் இமைமுடி நீண்டு கறுத்துவிடுமாம். சினிமாக்காரி மை தீட்டின மாதிரி இருக்குமாம். இவருக்கோ மருந்து விடுகிற கண்ணும் விடாத கண்ணும் ஒரே மாதிரிதான் இருந்தன.

பிறகு டாக்டரம்மாவின் விரல் சின்னதுரையின் வலது கன்னத்துக்கு இறங்கியது. கண்ணுக்குக் கீழே, எலும்பு மேட்டில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகருவென்று பூனைமுடி.

அது சலூன்காரனின் அழும்பு என்று பவுன் உடனே விளக்கினாள். அந்த இடத்தை மட்டும் சிரைக்காமல் விடுகிறான். அவனைக் கடை வாசலில் நிற்க வைத்துக் கேட்டும் ஆகிவிட்டது.

டாக்டரம்மா மேஜையிலிருந்து வேறொரு சின்னப் புட்டியை எடுத்தார். இது சும்மா கண்ணீர் மாதிரிதான், வீட்டில் எப்படி விடுகிறீர்களோ அப்படியே விட்டுக் காட்டுங்கள் என்று நீட்டினார்.

பவுன் முந்தானையைச் செருகிக்கொண்டாள். புருஷனின் தலையைப் பின்னால் சாய்த்தாள். கீழிமையை இழுத்துப் பிடித்தாள். புட்டியைக் கவிழ்த்து, நிதானமாக, ஒரே ஒரு சொட்டு.

சொட்டு கன்னத்தில் விழுந்தது. அந்த முடியின் மேலேயே.

"ஆச்சு" என்றாள் பவுன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னதுரை கன்னத்தைக்கூடத் துடைக்கவில்லை. கன்னத்தில்தான் விழுகிறது என்று ஆரம்பத்தில், முதல் வாரத்திலேயே அவர் ஒரு தடவை சொல்லியிருந்தார்.

"ஆடாத இருந்தாத்தானேய்யா கண்ணுல உழும்" என்று பவுன் அன்றைக்குப் போட்ட போடில், அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா சின்னதுரையை எழுப்பி ஓரத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். அவர் எழுந்த பெரிய நாற்காலியைப் பவுனுக்குக் காட்டினார்.

வியாதி எனக்கில்லை, அவருக்கு என்று பவுன் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். படித்தவர்களுக்கு எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் வந்த வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உட்கார்ந்தாள்.

வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார். மூடினாள். நேராக என் மூக்கையே பாருங்கள் என்றார். பார்த்தாள்.

மூக்கு தெரிந்தது. மூக்குக் கண்ணாடியில் பாதி தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த மனுசன் ஒரு எடத்துல ஒக்காருதா பாரு டாக்டரம்மா. அதுக்குள்ள எங்க எழுந்து போச்சி?"

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் கையை மெல்ல இறக்கிவிட்டு, நர்ஸிடம் பவுன் பேருக்கு இன்னொரு சீட்டு எழுதச் சொன்னார்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவளுக்கு இடப்பக்க ஸ்டூலில் இருந்த சின்னதுரை, கன்னத்து ஈரத்தை அப்போதும் துடைக்காமல் சொன்னார்.

"இங்கதான் கீறேன், பவுனு."