சாய்த்து உதைக்கிற பைக்

முற்றத்துச் சாக்கில் காயும் மிளகின் மேல் மாலை வெயில் படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் நின்றபடி பலீலின் பழைய பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறான் நிஸ்தார். சீகிரியாவில் ஹோட்டல் வேலை அவனுக்கு. விலை பேசி வாங்க வந்திருக்கிறான். பலீலின் மகள் மர்வா வாசல் நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அவள் விண்ணப்பித்த புலமைப்பரிசில் ஒன்றுகூடச் சரிவரவில்லை. இந்த பைக் போனால்தான் கல்லூரிக்கு முதல் தவணை கட்டலாம். ஒவ்வோர் உதைக்கும் பெற்றோல் மணம் எழுகிறதே தவிர, எஞ்சின் வாய் திறக்கவில்லை. வாப்பா பலீலும் வாய் திறக்கவில்லை. ஏற்கெனவே பளபளக்கும் பைக் கண்ணாடியைச் சாரன் நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். மர்வா பின்கம்பியைப் பார்க்கிறாள். அவள் பிடித்துப் பிடித்தே அதில் வர்ணம் உரிந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்ற, உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

“எஞ்சின்ல ஏதோ கோளாறு போல நானா,” என்று பலீலிடம் சொல்லிவிட்டு நிஸ்தார் காலைக் கீழே வைக்கிறான்.

குசினி ஜன்னலில் உம்மாவின் முகம் தெரிகிறது. கையில் அகப்பை. “ஒருக்கா இடப்பக்கம் சாய்ச்சிட்டு உதைங்க தம்பி,” என்கிறார்.

நிஸ்தார் சாய்த்து உதைக்கிறான். பைக் இரண்டு இருமல் இருமிவிட்டு உறுமத் தொடங்குகிறது. மிளகைக் கிளறிக்கொண்டிருந்த கோழி பயந்து ஓடுகிறது.

“எனக்கு மறந்தே போச்சு பாருங்க,” என்று வாப்பா சிரிக்கிறார். ஜன்னல் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. இன்று காலையிலும் அப்படிச் சாய்த்து உதைத்துத்தான், மர்வாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பலாபத்வல வரை போய் வந்தார்.