எந்தப் பெயர்

உதவித்தொகை அலுவலகம் மூட இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கல்லூரி வாசலில் நிறுத்திய பழைய டிரக்குக்குள் அரசேலியும் அவள் அப்பா எலெயுதேரியோவும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃப்ரெஸ்னோ நகரத்தின் சாய்ந்த வெயில் கண்ணாடி வழியே அவர் மடியிலுள்ள விண்ணப்பத்தின் மேல் விழுகிறது. இன்றுதான் கடைசி நாள். அவர் கையெழுத்துப் போட்டால் அவளுடைய நர்சிங் படிப்புக் கட்டணத்தை மாநில அரசே கட்டிவிடும். திராட்சைக் கறை ஏறிய விரல்களுக்கிடையே பேனா அசையாமல் நிற்கிறது. “போடுப்பா, மணி ஆகுது.” “போடத்தாம்மா போறேன். எந்தப் பேரைப் போட?” அவள் பிறப்புச் சான்றிதழில் அப்பா என்று இருப்பது அவருடைய சொந்தப் பெயர். விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய சம்பளச் சீட்டில் இருப்பதோ, அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்த வருடம் தோட்ட வேலைக்காக அவர் விலைக்கு வாங்கிய வேறொருவனின் பெயர். அரசேலி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள். எங்கோ ஒரு புல்வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கிறது. “என் பேரைப் போட்டா வேலை போயிடும், என்னையும் பிடிச்சு அனுப்பிடுவாங்க. அவன் பேரைப் போட்டா நீ எம்பொண்ணே இல்லைன்னு ஆயிடும்.” அவள் பேனாவை அவர் விரல்களிலிருந்து மெல்ல எடுத்துக்கொள்கிறாள். எதிரே அலுவலகத்தில் ஒரு பெண் சன்னல் திரையை இறக்குகிறாள். அவர் வண்டிச் சாவியைத் திருப்பாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.